கையைத் தூக்கினால் குர்த்தி முழுவதும் மேலே ஏறுகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

மர்ஃபிடவுன்_கலா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அளவுகளைச் சொல்லாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெங்களூரு மர்ஃபி டவுனில் இருக்கிறேன். ஜெயநகர் 4வது பிளாக்கில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. எட்டு மாதமாக என் குர்த்திகளை நானே தைத்துக்கொள்கிறேன். மிஷின் அம்மாவுடையது. ஆம்பூரிலிருந்து அம்மா கல்யாணமாகி வந்தபோது சீரோடு வந்த கறுப்பு உஷா, கால் மிஷின். பெல்ட்டையும் பாபின் கேஸையும் மாற்றி, எண்ணெய் விட்டேன். அவ்வளவுதான், தையல் முத்து முத்தாக விழுகிறது.

பாக்கெட்டுக்காகத்தான் நான் மிஷினில் உட்கார்ந்ததே. கடையில் வாங்குகிற குர்த்தியில் பாக்கெட் இருக்காது, இருந்தாலும் மூன்று விரல்தான் நுழையும். நான் தைப்பதில் இரண்டு பக்கமும் 10 இன்ச் ஆழத்துக்குப் பாக்கெட் வைக்கிறேன். போன், சாவி, பஸ்ஸில் காட்ட வேண்டிய ஆதார் கார்டு எல்லாம் அதிலேயே அடங்கிவிடும், தோள்பை வேண்டாம். கழுத்து, ஸ்லிட், பாக்கெட் எல்லாமே நான் நினைத்தபடி வந்துவிட்டன. கை மட்டும் வரவில்லை.

சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில் போகிறேன். 2023 ஜூனில் சக்தித் திட்டம் வந்து பெண்களுக்கு இலவசம் ஆன பிறகு காலையில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். அதில் எனக்கு வருத்தம் இல்லை, மிச்சமாகிற பஸ் காசில்தான் மாதா மாதம் துணி வாங்குகிறேன். ஆனால் மேல் கம்பியைப் பிடித்தால் குர்த்தியும் கையோடு சேர்ந்து ஏறுகிறது. ஸ்லிட் இடுப்புக்கு வந்துவிடுகிறது. ஒரு கையில் கம்பி, மறு கையால் குர்த்தியைக் கீழே இழுத்துப் பிடித்தபடியே ஜெயநகர் வரை போகிறேன். மூன்றாவது குர்த்தி லால்பாக் பக்கம் பஸ் பிரேக் போட்டபோது அக்குளில் கிழிந்தேவிட்டது. அன்று முழுக்க துப்பட்டாவை இறக்கிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன்.

அளவு இதுதான். மார்பு 36. கையில் தடித்த இடத்துச் சுற்றளவு 12. முதல் குர்த்திக்கு ஆர்ம்ஹோல், அதாவது உடம்புப் பாகத்தில் கை சேருகிற ஓட்டை, ஆழம் 7½ இன்ச் வைத்தேன், போட்டுப் பார்த்தால் அக்குளில் அறுத்தது. அதனால் அடுத்ததில் 8, அப்புறம் 8½, நாலாவதில் 9. ஆர்ம்ஹோல் பெரிதாகப் பெரிதாகக் கை பொருந்தவில்லை. அதனால் கையின் மேல் வளைவு உயரத்தையும் கூட்டிக்கொண்டே போனேன். முதலில் 5½ இருந்தது, இப்போது 7. கை அகலம் மட்டும் நாலிலும் 12½தான், கை ஒட்டினாற்போல இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். இப்போது அக்குளில் அறுக்கவில்லை. ஆனால் குர்த்தி மேலே ஏறுவது முன்னைவிட மோசம். ஆர்ம்ஹோலை இறக்கினால் தளர்வுதானே வர வேண்டும்?

நாத்தனார் குளேதகுட்டாவிலிருந்து கண துணி மூன்று மீட்டர் வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். இல்கல் சேலைக்கு ரவிக்கை தைப்பார்களே, அந்தத் துணி. கருநீலத்தில் சின்னச் சின்னப் புட்டா. அதை வெட்டுவதற்கு முன்னால் இந்தத் தப்பு தெரிந்தாக வேண்டும்.

தையல்பிரியை எழுதியது:

எனக்கும் ஆரம்பத்தில் இப்படி இருந்தது. ஆர்ம்ஹோலை இன்னும் அரை இன்ச் இறக்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் இழுத்தால் கொடுக்கிற பனியன் துணி மாதிரி எதிலாவது தையுங்கள், பிரச்சினையே வராது.

பீன்யா_சரசு எழுதியது:

கலா, தயவுசெய்து இறக்காதே மா. இறக்கினதுதான் தப்பே.

நான் பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் பதினோரு வருடம் இருந்தவள். ஆம்பளைச் சட்டை லைன். காலர் ஒருத்தி, கஃப் ஒருத்தி, பாக்கெட் ஒருத்தி. எனக்குக் கை ஏற்றுகிற வேலை. பதினோரு வருடமும் கை மட்டும்தான். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்து, பாத்ரூம் போனால்கூட சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிற இடம். அந்தக் கஷ்டத்தைப் பற்றி இங்கே வேண்டாம். ஆனால் சட்டைக் கை எப்படி உட்காரும், எங்கே இழுக்கும் என்பது என் விரலுக்குத் தெரியும்.

இப்படி யோசித்துப் பார். கையைத் தூக்கினால் உடம்பில் எந்த இடம் நீளுகிறது? இடுப்பிலிருந்து விலா வழியாக அக்குள், அங்கிருந்து கையின் அடிப்பக்கமாக முழங்கை. அந்த வழிக்குத்தான் துணி அதிகம் வேண்டும். உன் குர்த்தியில் அந்த வழி நெடுக இருப்பது இரண்டு தையல்: பக்கத் தையல், கையின் அடித்தையல். ஆர்ம்ஹோலை 7½-லிருந்து 9-க்கு இறக்கியதில் பக்கத் தையலில் ஒன்றரை இன்ச் போனது. கை வளைவை 5½-லிருந்து 7-க்கு ஏற்றியதில், கையின் மொத்த நீளம் அதேதான் என்பதால், அடித்தையலிலும் ஒன்றரை இன்ச் போனது. ஆக, நீளம் வேண்டிய இடத்திலேயே மூன்று இன்ச் வெட்டி எடுத்திருக்கிறாய். கை மேலே போகும்போது அந்த மூன்று இன்ச்சைத் துணி எங்கே போய்த் தேடும்? கீழ் ஓரத்தைத்தான் இழுத்துக்கொண்டு வரும். அங்கிருந்து வர முடியாவிட்டால் கிழியும்.

சரி, முதல் குர்த்தியில் ஏன் அறுத்தது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீ பார்த்துச் சொல். பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று ஆர்ம்ஹோலில் முக்கால் இன்ச்சோ ஒரு இன்ச்சோ உள்துணி விட்டிருப்பாய். நேர்த்தையலில் விடலாம், வளைவில் அது விரியாது. மடிந்து தடித்துக்கொண்டு அக்குளில் குத்தும். அதை ஆர்ம்ஹோல் போதவில்லை என்று நினைத்திருப்பாய். புதிதாகத் தைக்கிற நிறைய பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அக்குள் வளைவில் கால் இன்ச் மட்டும் விட்டு மீதியை வெட்டு, ஓரம் அடி. அயர்ன் பண்ணும்போது அந்தத் தையலைப் பிரித்துப் படிய வைக்காதே, அது கைப்பக்கமாக நிற்கட்டும்.

ஆர்ம்ஹோல் ஆழத்தை ஃபார்முலா போட்டு எடுக்காதே, உடம்பில் அள. அக்குளில் ஒரு ஸ்கேலைக் கிடையாக இடுக்கிக்கொள். வீட்டில் யாரையாவது தோள் உச்சியிலிருந்து முதுகுப் பக்கமாக ஸ்கேல் வரை டேப் விட்டு அளக்கச் சொல். வருகிற அளவோடு முக்கால் இன்ச் சேர்த்தால் போதும். உன் மார்பளவுக்குத் திரும்ப 7½ பக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன்.

இனி கை. வீட்டில் ஆம்பளைச் சட்டை ஏதாவது இருந்தால் கையை மட்டும் தரையில் விரித்துப் பார். மேல் வளைவு தட்டையாக இருக்கும், கை அகலமாக இருக்கும். வளைவு தாழ்ந்தால் கை தாராளமாகத் தூக்க வரும். வளைவு உயர்ந்தால் கையைத் தொங்கவிடும்போது சுருக்கமில்லாமல் அழகாக நிற்கும், தூக்கத்தான் வராது. இரண்டும் ஒரே கையில் முழுசாகக் கிடைக்காது. நீ பஸ்ஸில் கம்பி பிடிக்கிறவள், 4 இன்ச் வை.

அகலத்தை நீ முடிவு பண்ணாதே, அது தானாக வரும். உடம்புப் பாகத்தில் முன் ஆர்ம்ஹோல், பின் ஆர்ம்ஹோல் இரண்டையும் டேப்பை நிமிர்த்திப் பிடித்து வளைவோடு தனித்தனியாக அளந்துகொள். முன்பக்கம் 8¼, பின்பக்கம் 8½ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பேப்பரில் ஒரு கிடைக்கோடு போடு. அதற்கு 4 இன்ச் மேலே ஒரு புள்ளி வை. அந்தப் புள்ளியிலிருந்து சாய்வாக 8¼ எங்கே கிடைக்கோட்டைத் தொடுகிறதோ அது முன் ஓரம். மறுபக்கம் 8½ தொடுகிற இடம் பின் ஓரம். இரண்டுக்கும் நடுவில் பதினாலே முக்கால் பக்கம் வரும், அதுதான் உன் கை அகலம். அந்தச் சாய்கோடுகளின் மேல் வளைவை வரை. உச்சியில் வெளியே புடைத்து, அக்குள் பக்கம் உள்ளே குழிந்து வர வேண்டும். முன்பக்கக் குழிவு கொஞ்சம் கூடுதல், பின்பக்கம் குறைவு. வளைவை அளந்தால் ஆர்ம்ஹோலைவிட அரை இன்ச் போல அதிகம் இருக்கும். அது இருக்கட்டும். தைக்கும்போது உச்சியின் இரண்டு பக்கமும் அதைப் பரப்பிவிடு, அக்குள் பக்கம் தள்ளிவிடாதே.

இன்னொன்று. பக்கத் தையலை மூடிவிட்டு வட்டமான ஆர்ம்ஹோலில் கையைச் சுற்றி ஏற்றாதே. தோள் தையல் முடிந்ததும் உடம்பை விரித்து வைத்துக் கையைத் தட்டையாக ஏற்று. அதற்கப்புறம் கையின் முனையிலிருந்து அக்குள் வழியாகக் குர்த்தி ஓரம் வரை ஒரே ஓட்டம். சட்டை லைனில் நாங்கள் இப்படித்தான் செய்வோம். வளைவு தாழ்ந்த கைக்கு இது சுலபமாக வரும்.

மர்ஃபிடவுன்_கலா எழுதியது:

அக்கா, மூன்று முறை படித்தேன். முதல் குர்த்தியை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே உள்ளே ஒரு இன்ச் துணி, வளைவில் சுருண்டு கயிறு மாதிரி கிடக்கிறது. அதைக் கால் இன்ச்சுக்கு வெட்டிப் போட்டுப் பார்த்தேன், அறுக்கவில்லை. எட்டு மாதமாக இந்த ஒரு இன்ச்சுக்குப் பயந்தா இறக்கிக்கொண்டே போனேன்!

இரண்டு சந்தேகம். 14¾ அகலம் வைத்தால் கை பொசபொசவென்று தொங்காதா? மீதி மூன்று குர்த்தியையும் காப்பாற்ற வழி இருக்கிறதா? அதில் ஒன்று அம்மாவின் சுங்குடிச் சேலையில் தைத்தது, அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

பீன்யா_சரசு எழுதியது:

அக்குளில் மட்டும்தான் மா 14¾. அங்கிருந்து முழங்கைக்கு வரும்போது 12-க்கோ 11-க்கோ குறைத்துக்கொள்ளலாம். கையைத் தொங்கவிட்டால் அக்குள் ஓரத்தில் இரண்டு மடிப்பு விழும். அது விழத்தான் செய்யும், அந்த மடிப்புதான் நீ தூக்கும்போது விரிந்து கொடுக்கிற துணி. கல்யாணத்துக்குப் போடுகிற குர்த்தி என்றால் வளைவை 4¾ வைத்துக்கொள், மடிப்பு குறையும்.

வெட்டித் தைத்த மூன்றுக்கும் எனக்கு வழி தெரியாது. லைனில் வெட்டின துணி எங்களிடம் வரும், வெட்டுகிற வேலை எங்களுடையது இல்லை. டெய்லர் யாராவது சொன்னால் நல்லது.

ஸ்ரீராமபுரம்_டெய்லர் எழுதியது:

வணக்கம். 38 வருடமாக ஸ்ரீராமபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். சரசம்மா சொன்னது அத்தனையும் சரி. நல்ல கோட்டு தைக்கிறவர்களும் ஆர்ம்ஹோலை அக்குளை ஒட்டி மேலேயேதான் வைப்பார்கள். ரெடிமேடில் அது இறங்கி இருப்பதற்குக் காரணம், ஒரே சைஸ் பல உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்பது. அளவெடுத்துத் தைக்கிறவர்கள் ரெடிமேடைப் பார்த்து இறக்கத் தேவையில்லை.

தங்கச்சி, அந்தச் சுங்குடிக் குர்த்திக்கு ஒட்டுத்துண்டு போடலாம். பழைய ஜிப்பாவைப் பார்த்திருப்பீர்கள். அதில் வளைவு வெட்டே கிடையாது, எல்லாம் நேர் வெட்டு. அக்குளில் ஒரு சதுரத் துண்டு இருக்கும், கை தாராளமாக வருவது அதனால்தான். உங்களுடையது வளைவு வெட்டு என்பதால் சதுரம் வேண்டாம், கண் வடிவத்தில் போடுங்கள்.

கை உடம்போடு சேருகிற தையலை அக்குளின் அடியில் மட்டும் பிரியுங்கள். பக்கத் தையலிலிருந்து முன்பக்கம் 3 இன்ச், பின்பக்கம் 3 இன்ச். மேல் வளைவைத் தொட வேண்டாம். துண்டின் நீளம் 6 இன்ச், நடுவில் அகலம் 2 இன்ச், இரண்டு முனையும் கூர்மை. சுற்றிலும் தையலுக்குத் துணி விட்டு, துணியை மூலைவாக்கில் சாய்வாக வைத்து, கிராஸ் பீஸ் வெட்டுகிற மாதிரி வெட்டுங்கள். அப்போதுதான் இழுத்தால் கொடுக்கும். ஒரு ஓரம் உடம்போடு, மறு ஓரம் கையோடு. முனைகளில் இரண்டு தையல் போட்டுக் கெட்டிப்படுத்துங்கள், அங்கேதான் முதலில் விடும். பிரித்த இடமும் துண்டின் ஓரமும் நீளத்தில் சமமாக இருக்கிறதா என்று ஊசி குத்திச் சரிபார்த்துவிட்டு மிஷினில் வையுங்கள்.

போன மூன்று இன்ச்சில் இரண்டு இன்ச் இப்படித் திரும்ப வரும். கையைத் தொங்கவிட்டால் துண்டு உள்ளே மடிந்துகொள்ளும், வெளியே தெரியாது. சிலர் தோள் தையலை உள்ளே பிடித்து ஆர்ம்ஹோலைத் தூக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், கழுத்தும் சேர்ந்து ஏறிவிடும்.

கண துணியை எடுத்த எடுப்பில் வெட்ட வேண்டாம். முதலில் காடா துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். கண துணியைத் தண்ணீரில் நனைத்து நிழலில் காயவைத்து, அதற்கப்புறம்தான் கத்தரி.

மர்ஃபிடவுன்_கலா எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் சிக்கப்பேட்டை போய்க் காடா துணி இரண்டரை மீட்டர் வாங்கினேன். அப்படியே ராஜா மார்க்கெட்டில் கண துணிக்குப் பொருத்தமான மரப் பட்டன் ஆறு. ஸ்கேல் இடுக்கி அளந்தபோது தம்பிதான் டேப் பிடித்தான். 6¾ வந்தது. முக்கால் சேர்த்தால் சரசு அக்கா சொன்ன அதே 7½. அக்கா, என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள்!

கை வளைவு 4. சாய்கோடு போட்டதில் அகலம் 14½-க்குக் கொஞ்சம் மேலே வந்தது. தட்டையாகக் கை ஏற்றுவது இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் நாலு குர்த்திக்கு வட்டத்தில் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

தைத்ததும் ஒரு சோதனை செய்தேன். சுவரில் ஒட்டி நின்று, கை கீழே இருக்கும்போது குர்த்தி ஓரம் எங்கே நிற்கிறது என்று தம்பி பென்சிலால் கோடு போட்டான். பிறகு வாசற்படி மேல் சட்டத்தைப் பிடித்தேன், திரும்பவும் கோடு. நாலாவது குர்த்தி நாலரை இன்ச் ஏறுகிறது. காடா குர்த்தி ஒன்றே கால் இன்ச். சுங்குடிக்குக் கண் துண்டு போட்டேன். முதல் பக்கத்தில் முனை சுருங்கிவிட்டது, பிரித்துத் தைத்தேன். இரண்டாவது பக்கம் ஒரே தடவையில் வந்தது. அது இப்போது இரண்டு இன்ச்தான் ஏறுகிறது. டெய்லர் அண்ணா, அம்மா அந்தச் சேலையைக் கட்டியதை எனக்கு நினைவிருக்கிறது, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

சுங்குடியைப் போட்டுக்கொண்டுதான் திங்கட்கிழமை பஸ் ஏறினேன். சிவாஜிநகரிலிருந்து ஜெயநகர் வரை நின்றேன். கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டேன். மறு கை பாக்கெட்டில் இருந்தது.

கண துணி பற்றி ஒரே ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது 30 இன்ச் அகலம்தான். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடிக்கிறது. ஒரு கையைப் படுக்கப் போட்டு வெட்டலாமா?

பீன்யா_சரசு எழுதியது:

படுக்கப் போடாதே. இரண்டு கையும் ஒரே இழை ஓட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று நெட்டிழை, இன்னொன்று குறுக்கிழை என்று ஆனால் துவைத்த பிறகு இரண்டும் இரண்டு விதமாக நிற்கும், புட்டாவும் படுத்துவிடும். ஒரு கைக்குக் கீழே இன்னொரு கை வை. முன், பின் இரண்டுக்கும் 42 வீதம் 84 இன்ச், கைக்கு 13 வீதம் 26, ஆக 110. மூன்று மீட்டர் என்பது 118, நனைத்த பிறகு சுருங்கினாலும் அடங்கும். பாக்கெட் பைக்கு அந்தத் துணியைச் செலவழிக்காதே, கறுப்புப் பாப்ளின் போடு.

2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தை எடுக்க முடியாதபடி விதி மாற்றினபோது இந்த ஊர்க் கார்மெண்ட்ஸ் பெண்கள் ரோட்டில் இறங்கினோம், விதியை வாபஸ் வாங்கினார்கள். அந்த வருடமே வேலையை விட்டு, அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு மிஷின் வாங்கினேன். அதில் எனக்கென்று முதலில் தைத்ததும் கருநீலம்தான். தைத்து முடித்ததும் எப்படி வந்தது என்று சொல் மா.

மர்ஃபிடவுன்_கலா எழுதியது:

கட்டாயம் சொல்கிறேன் அக்கா. துணியை நனைத்துவிட்டேன், இப்போது மாடியில் நிழலில் காய்கிறது. இரண்டாவது தண்ணீரில் கொஞ்சம் நீலம் விட்டது, மூன்றாவதில் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெட்டுகிறேன்.